முப்பத்தாறு வாளிகள் பார்த்த டெல்லி

எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு தூக்குவாளி மட்டும் மூடி திறக்காமல் இருந்தது.

இந்தியா கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும் நாவல் மரங்கள் நிற்கும் சாலை. பழம் விழுந்து நசுங்கி, நடைபாதையெல்லாம் ஊதாக் கறை. அந்தக் கறையின் மேல் பெட்ஷீட்டை விரித்து எங்கள் கூட்டம் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டது. அமைச்சர்கள் கார் போகும் சாலையில் அவ்வளவு உரக்க ஏப்பம் விட்டவர்கள் அன்றைக்கு நாங்களாகத்தான் இருப்போம்.

"ஏலே, இது யாரு வாளி? பச்சை ரிப்பன் கட்டுனது. யாரு இன்னும் சாப்பிடல?" என்று மும்தாஜ் அக்கா அதைத் தூக்கிக் காட்டினார். எங்கள் ஊரான கம்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அவர்.

பச்சை ரிப்பன் என் மகள் அபியின் அடையாளம்.

"கோவமா இருக்கா அக்கா. பின்னாடி வேன்ல படுத்திருப்பா. பசிச்சா தானா வருவா."

"பின்னாடி வேன்லயா? நான் அந்த வேன்லதானடி வந்தேன். அவ உன்கூட வரலையா?"

"இல்லையே. உங்ககூடத்தான் வர்றான்னு நெனச்சேன்."

அக்கா வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். உள்ளே சாதம் நிறைந்த வாளிக்கு ஒரு சத்தம் உண்டு. கல்லை வைத்ததுபோல் கேட்டது.

அபியின் எண்ணுக்கு அடித்தேன். என் கைப்பைக்குள்ளிருந்து பாட்டு கேட்டது.

டெல்லியில் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, காலையிலேயே அவளிடமிருந்து அதை வாங்கி, கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, ஜிப்பில் ஒரு ஊக்கும் குத்தி வைத்திருந்தேன். செல்போன் மிகவும் பத்திரமாக இருந்தது.

எதற்காகப் போனோம்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்களை மதுரையில் ரயிலேற்றியதோடு நிறுத்தியிருந்தேன். எதற்காகப் போனோம் என்பதைச் சொல்லவில்லை.

அபிக்கு டெல்லியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. புள்ளியியல் படிப்பு. சேருவதா வேண்டாமா என்று அந்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

புள்ளியியல் என்றால் என்ன என்று மும்தாஜ் அக்கா கேட்டபோது, "எல்லாத்தையும் எண்ணிக் கணக்குப் போடுறது பெரியம்மா" என்று அபி சொல்லிவைத்தாள்.

"எண்றதுக்கா அம்புட்டுத் தூரம் போகணும்? நம்ம சலீமே நல்லா எண்ணுவானே!"

என் கணவருக்குத் திராட்சைத் தோட்டத்தில் அறுப்பு நேரம். "நீ போய்ப் பாரு. உனக்குச் சரின்னு பட்டா எனக்கும் சரி" என்றார். ஆண்கள் பொறுப்பை இவ்வளவு மரியாதையாகக் கைமாற்றி விடும்போது நாம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

நான் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. எதையும் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று பெயர் எடுத்தவள். எனவே டெல்லியைக் கண்ணால் பார்க்க, சலீம் பாயின் 'வட இந்தியச் சுற்றுலா'வில் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்தேன். சமையல்காரர், அரிசி, புளி, ஊறுகாய் எல்லாம் கம்பத்திலிருந்தே வரும். தண்ணீர் மட்டும்தான் வெளியூர்.

சலீம் பாயின் கணக்கு

சலீம் பாய் பல வருடமாக ஜீப் ஓட்டியவர். விடியும் முன்பே கம்பத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திருப்பிக் கூட்டிவரும் வேலை.

ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதை நான் எழுதினால் சட்டப் பிரச்சினை ஆகும். அத்தனை பேரையும் தலையைப் பார்த்து எண்ண முடியாது. யார் தலை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் ஜீப்காரர்கள் தூக்குவாளியை எண்ணுவார்கள். தோட்டத்துக்குப் போகும் பெண் தன் வாளியைக் கையைவிட்டு விடமாட்டாள். சாயங்காலம் கழுவி, கையில் பிடித்துக்கொண்டு வந்து, வாளியை ஜீப் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் ஏறுவாள். வாளி வந்துவிட்டால் ஆள் வந்தாயிற்று. இந்தக் கணக்கு அங்கே ஒருநாளும் பிசகியதில்லை என்று சலீம் பாய் நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்.

அந்தக் கணக்கைத்தான் அவர் டெல்லிக்கும் கொண்டுபோனார். முப்பத்தாறு பேர், முப்பத்தாறு வாளி. எல்லா வாளியும் முன் வேனில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பியில். எண்ணி முடித்து சலீம் பாய் விசில் அடித்தால் இரண்டு வேனும் கிளம்பும்.

முதல் நாள் செங்கோட்டைக்கு வாளியும் கையுமாகத்தான் போனோம். வாசலில் காவலர் ஒருவர் ஒரு வாளியைத் திறந்தார். தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் காலை வெயிலில் ஊறிய வாசனை. அவர் மூடியை மூடிவிட்டு எங்களை ஒருமுறை, வாளியை ஒருமுறை பார்த்தார். சாப்பாட்டோடு உள்ளே விட முடியாது என்று கையை ஆட்டினார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் தவிர வாளிகள் வேனைவிட்டு இறங்கவே இல்லை. சலீம் பாயின் எண்ணிக்கையும் ஒவ்வொரு இடத்திலும் அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. "நம்ம ஆளுக எம்புட்டு ஒழுங்கா இருக்காக பாத்தீகளா டீச்சர்?" என்று என்னிடமே பெருமைப்பட்டார்.

கூட்டத்தில் ஒருவருக்கும் இதில் ஏதோ இடிக்கிறது என்று தோன்றவில்லை. அதில் ஆசிரியை ஒருத்தியும் அடக்கம்.

ராசா கட்டுனது

டெல்லியில் எங்களுக்கு ஒரு வழிகாட்டி வைத்திருந்தார்கள். அவர் இந்தியில் பேசுவார். சலீம் பாய் தமிழில் சொல்வார். வழிகாட்டி கண்ணை மூடி, கையை விரித்து, குரலை ஏற்றி இறக்கிப் பத்து நிமிஷம் பேசுவார். சலீம் பாய் திரும்பி, "ராசா கட்டுனது" என்பார்.

அடுத்த இடம். மறுபடியும் பத்து நிமிஷம். நடுவில் வழிகாட்டியின் கண் கலங்கிக்கூடப் போகும்.

"இதுவும் ராசா கட்டுனது. இது வேற ராசா."

குடியரசுத் தலைவர் மாளிகையைத் தூரத்திலிருந்து காட்டியபோது மட்டும் சலீம் பாய் தடுமாறினார். கொஞ்சம் யோசித்து, "இது வெள்ளைக்கார ராசா" என்று முடித்தார்.

செங்கோட்டைக்குள் இருந்த நேரத்தைவிட, அதற்குப் பிறகு எங்களைக் கூட்டிப்போன சால்வைக் கடையில் இருந்த நேரம் அதிகம். ஆடி மாதத்து டெல்லி வெயிலில் வெந்துபோய் வந்தவர்களுக்குக் கம்பளிச் சால்வையை மோதிரத்துக்குள் நுழைத்து நுழைத்துக் காட்டினார்கள். கம்பத்தில் அதை எந்த மாதம் போர்த்துவது என்று ஒருவரும் கேட்கவில்லை. மும்தாஜ் அக்கா இரண்டு வாங்கினார்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரும் இப்போது சுற்றுலாத் தலம்தான். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கார் காராக வந்து எங்கள் திராட்சைப் பந்தலுக்குள் நின்று படம் எடுக்கிறார்கள். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். எத்தனை வருஷக் கொடி என்று கேட்பவர்களுக்கு அன்றைய மனநிலையைப் பொறுத்து ஒரு வருஷம் சொல்வார். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பந்தலில் அடித்த மருந்தைப் பற்றியோ, விலை விழுந்ததைப் பற்றியோ யாரும் கேட்டதில்லை. ஆகவே டெல்லி வழிகாட்டியைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்குப் பாதிதான்.

இன்னும் உண்மையைச் சொன்னால், அந்தப் பாதியும் சந்தேகம். ஒரு வருடம் பள்ளிப் பிள்ளைகளை வைகை அணைக்குக் கூட்டிப்போனேன். யாரும் தண்ணீருக்குள் விழுந்துவிடக் கூடாதே என்று நிற்கவைத்து எண்ணினேன், உட்காரவைத்து எண்ணினேன், பூங்காவில் எண்ணினேன், பேருந்தில் எண்ணினேன். திரும்பி வந்ததும் சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'அணையில் டீச்சர் எங்களைப் பலமுறை எண்ணினார்.' அணையைப் பற்றி வேறு வரியே இல்லை.

மினாரின் கீழே

குதுப் மினாருக்குப் போன காலையில்தான் எனக்கும் அபிக்கும் சண்டை வந்தது.

எல்லோரும் தலையை அண்ணாந்து வாயைத் திறந்து நின்றார்கள். அபி மட்டும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நாளைக்காச்சும் காலேஜை ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோமா? மெட்ரோவுல போயிரலாம்மா."

"டூர்ல அது இல்லையே."

"டூர்ல இல்லாட்டி என்ன? அதுக்குத்தான வந்தோம்?"

அருகில் நின்ற சலீம் பாய் திரும்பினார். "காலேஜா? அங்கன பாக்குறதுக்கு என்னத்தா இருக்கு? நாளைக்கு ஆக்ரா. தாஜ்மகால்."

"பாரு, பாயும் அதையேதான் சொல்றாக" என்றேன். கூட்டத்தில் ஒருவர் நம் பக்கம் பேசினால் எனக்குத் தைரியம் வந்துவிடும். "இந்தக் கூட்டத்தைப் பாரு, வெயிலைப் பாரு. இங்கன நீ தனியா இருந்துருவியா?"

அபி என் கையை விட்டுவிட்டாள்.

"நீ டெல்லியைப் பாக்க வரலம்மா. வேணாம்னு சொல்றதுக்குக் காரணம் பாக்க வந்திருக்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று கழிப்பறைப் பக்கம் நடந்தாள். நான் வேனில் ஏறி உட்கார்ந்தேன். என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. கோபத்தில் பின் வேனில் ஏறியிருப்பாள் என்று நினைத்தேன். சலீம் பாய் கம்பியில் விரலை ஓட்டி எண்ணினார். முப்பத்தாறு. பச்சை ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது. விசில் அடித்தார்.

கழிப்பறையில் எவ்வளவு நீளமான வரிசை நின்றது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஆட்டோவில்

நாவல் மரத்தடியிலிருந்து நானும் சலீம் பாயும் ஆட்டோவில் திரும்பினோம். அவருக்குத் தெரிந்த இந்தியெல்லாம் பதற்றத்தில் பறந்துவிட்டது. தமிழ் தெரியாதவர்களுக்கு மலையாளம் தெரிந்திருக்கும் என்பது கம்பத்துக்காரர்கள் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. எங்களுக்குத் தமிழ் முடியும் இடத்தில் மலையாளம்தானே தொடங்குகிறது?

"சேட்டா, வேகம் போ சேட்டா! குட்டியைக் காணோம்!" என்று அந்த டெல்லி ஆட்டோக்காரரின் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். அவர் கண்ணாடியில் எங்கள் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, விரட்டினார்.

"வாளி இருந்துச்சே டீச்சர்" என்றார் சலீம் பாய். "நான் எண்ணினேனே. சரியா இருந்துச்சே."

செய்தித்தாள்களில் டெல்லி பற்றி வந்ததையெல்லாம் பல வருடமாகப் படித்து, வெட்டாமல் ஒட்டாமல் மனதிலேயே சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த ஆட்டோவில் அதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்தது. என் மடியில் அபியின் செல்போன் இருந்தது. அதன் முகப்பில் அவளும் நானும் சுருளி அருவியில் நனைந்து நிற்கும் படம். இந்தப் பத்தியின் தட்டச்சில் பிழை இருந்தால் அதற்குக் காரணம் அந்தப் படம்தான்.

நின்ற இடம்

வேன் நின்றிருந்த அதே இடத்தில் அபி நின்றுகொண்டிருந்தாள்.

நாலெட்டு தள்ளி ஒரு வேப்ப மரம், நல்ல நிழல். அவள் வெயிலில் நின்றாள். முகம் சிவந்து, உதடு வெடித்து, துப்பட்டாவின் நுனியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் பெண் காவலர் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். என்னைக் கண்டதும் அவர் இந்தியில் ஆரம்பித்தார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் ஒரு தாயைத் திட்டுகிறார்கள் என்பது எந்த மொழியிலும் விளங்கும். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

"நெழல்ல நின்னா என்னடி?"

"தொலைஞ்சா நின்ன எடத்தைவிட்டு அசையாதேன்னு சொல்லியிருக்கேல்ல? வேன் இங்கனதான் நின்னுச்சு."

"தண்ணியாச்சும் குடிக்கலாம்ல?"

"தெரியாதவுக குடுத்தா வாங்கக் கூடாதுன்ன. அந்த அக்கா ரொம்ப நேரமா குடு குடுன்னு குடுத்தாக. நான் வாங்கல."

"அப்பாவுக்காச்சும்..."

"அக்கா செல்லுல இருந்து அப்பாவுக்கு அடிச்சேன். என் நம்பர் புதுசு, ஞாபகம் இல்ல. அப்பா நம்பர் மட்டுந்தான் எனக்கு மனப்பாடம். அடிக்க அடிக்கக் கட் பண்ணிட்டே இருந்தாக."

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவே கூடாது, பணத்தைச் சுருட்டிவிடுவார்கள் என்று அவருக்குப் பாடம் எடுத்தவளும் நான்தான். என் வீட்டில் என் சொல்லை யாரும் கேட்பதில்லை என்று இருபது வருடமாகப் புலம்பியிருக்கிறேன். ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறார்கள். அதை நான் பார்த்தது அந்த வெயிலில்தான்.

அபி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். உடம்பு கொதித்தது.

"ஊருக்குப் போயிருவோம்மா. எனக்கு இந்தக் காலேஜ் வேணாம்."

நான் கேட்க வந்த வார்த்தை இதுதான். மதுரையிலிருந்து இரண்டு பகல் ரயிலில் உட்கார்ந்து, இந்த வார்த்தையை அவள் வாயால் எப்படி வரவைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். வந்துவிட்டது. வாங்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டெல்லி அவளுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறது, போன் கொடுத்திருக்கிறது. வெயிலில் விட்டுவிட்டுப் போனது கம்பம்.

நான் பாட்டிலை வாங்கி அவளிடம் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். "குடிடி" என்றேன். அப்புறம்தான் குடித்தாள்.

சலீம் பாயின் சீர்திருத்தம்

அன்று சாயங்காலம் என் கணவர் போனில் பேசினார். "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். என்ன நினைத்தார் என்று சொல்லவில்லை. பேசாமல் டூரை முடித்துக்கொண்டு வந்து சேரும்படி எனக்கும், எங்கள் இருவரையும் கண்ணைவிட்டு அகலாமல் பார்த்துக்கொள்ளும்படி சலீம் பாய்க்கும் உத்தரவு போட்டார்.

சலீம் பாய் கலங்கிப்போயிருந்தார். "கம்பத்துல எறக்கி விடுற வரைக்கும் ஒங்களை எங்கயும் விடமாட்டேன் டீச்சர். காலேஜ் கீலேஜ்னு கேக்காதீக" என்று கும்பிட்டார். சாப்பிடக்கூட இல்லை பாவம்.

அறையில் அபி பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அந்தக் காலேஜ் எங்கன இருக்குன்ன?" என்று கேட்டேன்.

"அதான் வேணாம்னு சொல்லிட்டேன்லம்மா."

"பாத்துட்டு வந்து வேணாம்னு சொல்லு. பாக்காமலே வேணாம்னு சொல்றது என்னோட வேலை. அதை நீ செய்யாத."

மறுநாள் காலை சலீம் பாய் வேனுக்கு முன்னால் நின்று புதிய திட்டத்தை அறிவித்தார். இனிமேல் வாளி கம்பியில் தொங்காது. அவரவர் சீட்டில் உட்கார்ந்து, அவரவர் வாளியைக் கையில் தூக்கிக் காட்ட வேண்டும். இரண்டு வேனையும் தனித்தனியாக எண்ணிக் கூட்டுவார். இந்த முறையில் தப்பு வர வாய்ப்பே இல்லை என்றார். இப்போதும் ஆளை எண்ணலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

"அக்கா, எங்க ரெண்டு வாளியையும் நீங்க பிடிச்சுக்கங்க" என்று மும்தாஜ் அக்காவிடம் பின் வேன் அருகில் மெதுவாகச் சொன்னேன். "சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள நாங்க ரூமுக்கு வந்துருவோம்."

அக்கா என்னையும் அபியையும் மாறி மாறிப் பார்த்தார். "எம் பேருல ஒரு ராசா கட்டி வச்சிருக்கான். நீங்க பாக்காமப் போறீகளே!" என்றார். பிறகு இரண்டு வாளியையும் வாங்கிக்கொண்டார். "போங்கடி. அவன்கிட்ட ஆக்ரா போய்ச் சேந்தப்புறம் சொல்லிக்கிறேன். வழியில எறக்கி விட்டுறப்போறான்."

நாங்கள் விடுதிக்கு எதிரே டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றோம். இந்த வயதில் ஒளிந்து நிற்பது எனக்கு முதல் தடவை. அபியின் கை இன்னும் என் முந்தானையைப் பிடித்திருந்தது. கைப்பையைத் திறந்து, ஊக்கைக் கழற்றி, செல்போனை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"மெட்ரோ எந்தப் பக்கம்னு பாரு. எனக்குத் தெரியாது. நீதான் கூட்டிட்டுப் போகணும்."

அவள் முந்தானையை விட்டாள்.

எதிரே சலீம் பாய் பின் வேனுக்குள் தலையை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக மும்தாஜ் அக்கா தெரிந்தார். ஒரு கையில் ஒரு வாளி, மறு கையில் இரண்டு, பச்சை ரிப்பன் மேலே. மூன்றையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் ஒன்றும் தெரியாதவர்போல் வைத்திருந்தார். சலீம் பாய் திருப்தியாகத் தலையாட்டினார். விசில் சத்தம் கேட்டது.

இரண்டு வேனும் எங்களைத் தாண்டித் தாஜ்மகாலைப் பார்க்கப் போயின.

அபி சிரிக்க ஆரம்பித்தாள். வெடித்த உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அம்மா, நம்மளையும் எண்ணிட்டுப் போறாகம்மா!"